பதினான்கில் போன நான்கு

வலது கையை இடது கையால் தூக்கி, மின்விசிறிக் காற்றில் படபடக்கும் தாள்களின் மேல் வைத்தாயிற்று. தாள்கள் அடங்கின. "சும்மாதான கெடக்கு. ஒரு வேல பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, இடது கையைக் கீபோர்டுக்குக் கொண்டுபோனார் வியாகுலமேரி.

தேனியில் பெரியகுளம் சாலையில் ஒரு டயர் கடையின் மாடி. கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடினால் மேலே மேசைகள் அதிரும். பள்ளிப் பேருந்து எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பெற்றோரின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் மென்பொருளை இந்த மாடியிலிருந்துதான் கவனித்துக்கொள்கிறார்கள். பேருந்து மாறினாலோ பாதை மாறினாலோ தொலைவில் இருக்கும் சர்வரில் ஒரு கோப்பைத் திறந்து திருத்த வேண்டும். திருத்துகிறவர் மேரி. எம்.சி.ஏ. படித்தவர். ராயப்பன்பட்டியிலிருந்து உத்தமபாளையம் வந்து, பஸ் மாறி, தினமும் தேனிக்கு வருகிறார்.

சில வருடங்களுக்கு முன் வீரபாண்டியைத் தாண்டியதும் ஸ்கூட்டர் கவிழ்ந்தது. எலும்பு எதுவும் உடையவில்லை. தோளில் நரம்புகள் அறுந்துவிட்டன. அன்றிலிருந்து வலது கை தோளிலிருந்து தொங்குகிறது. இதைக் கேட்டு யாராவது "ஐயோ" என்று ஆரம்பித்தால், "நீங்க எந்தூரு?" என்று பேச்சை மாற்றுவார். பேச்சு மாறாவிட்டால் எழுந்துபோய்விடுவார். துயரம் என்று பொருள்படும் பெயரைக் கேட்டு உச்சுக்கொட்டுகிறவர்களும் உண்டு. "பேருல இருக்குற வியாகுலம் போதும். நீங்க வேற கூட்டாதீக" என்பார்.

காத்திருப்பது இவருக்கு ஆகாது. எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இவர் அதை முடித்துவிடுவார், பெரும்பாலும் சரியாகவே. டீ ஆறும்வரை பொறுக்க மாட்டார். நாக்கைச் சுட்டுக்கொண்டு டீக்கடைக்காரரைத் திட்டுவார். பஸ் நிலையத்துக்குள் திரும்பும்போதே எழுந்து படிக்கு வந்துவிடுவார். "இம்புட்டு அவசரம்னா நீயே ஓட்டிட்டு வாத்தா" என்று உத்தமபாளையம் கண்டக்டர் ஒருவர் சொல்லியிருக்கிறார். "நீங்க எந்திரிங்க, ஓட்டுறேன்" என்று பதில் சொல்லியிருக்கிறார்.

முதலாளி விஜய்பாண்டி இவரைவிட இளையவர். 'அக்கா' என்று கூப்பிடுவார். இவர் அவரை 'தம்பி' என்பார். கோபம் வந்தால் 'சார்' என்பார். மாடியில் எல்லோருக்கும் இது தெரியும். 'சார்' என்ற சொல் காதில் விழுந்ததும் போன் எடுக்கும் பாண்டீஸ்வரி தலையைத் தாழ்த்திக்கொள்வார்.

மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி இடது கையால் மூடியைத் திருகுவார். சில நாள் மூடி துள்ளித் தரையில் உருண்டு ஓடும். உருண்டதும் விஜய்பாண்டி நாற்காலியை விட்டுப் பாய்ந்து எழுவார், மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய் எடுத்துவந்து துடைத்துக் கொடுப்பார். "உக்காருங்க தம்பி. அது என்ன கேரளாவுக்கா ஓடிப்போகுது?" என்று மேரி ஒவ்வொரு முறையும் சொல்லியாயிற்று. அவர் ஒவ்வொரு முறையும் பாய்ந்தாயிற்று. நல்ல மனிதர். அந்த மாடியில் மேரிக்கு இருந்த ஒரே தொந்தரவு அந்த நல்ல மனதுதான்.

சர்வர் கோப்பைத் திருத்தும் எடிட்டர் ஒரு கறுப்புத் திரை. மௌஸ் கிடையாது, பொத்தான்களின் படங்கள் கிடையாது. எல்லாமே விசைகள்தான். அடித்ததைச் சேமிக்க வேண்டுமென்றால் எஸ்கேப், பிறகு முக்காற்புள்ளி, டபிள்யூ, கடைசியில் என்டர். இரண்டு கை இருந்தால் இது கண்ணிமைக்கும் நேரம். ஒரு கைக்கு, கீபோர்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்புகிற வேலை. ஒரு நாளில் எத்தனை முறை போய்த் திரும்புவது?

மேரி போகவில்லை. தனக்கென்று குறுக்குவிசைகளை எழுதிக்கொண்டார். எல்லாம் கீபோர்டின் இடது பாதியில் இருக்கும். கட்டைவிரலால் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு எக்ஸைத் தட்டினால் சேமிப்பு. ஆல்ட்டும் எஃப்பும் என்றால் தேடல். ஆல்ட்டும் ஆரும் என்றால் செய்ததைத் திரும்பப்பெறல். "எல்லாம் எங்கிட்ட வந்துரும். நா எங்கனயும் போக வேண்டியதில்ல." ஆண்டிபட்டியிலிருந்து வரும் எபனேசர் இரண்டு கையால் செய்யும் திருத்தத்தை இவர் அவருக்கு முன்னால் முடித்துவிடுவார். இவர் இடத்தில் உட்கார எபனேசருக்குப் பயம். "யக்கா, ஒங்க மிசின்ல உக்காந்தா வேற வீட்டு அடுப்படில நிக்கிற மாதிரி இருக்கு. உப்பு டப்பாவத் தொறந்தா சீனி இருக்கு."

எஸ்கேப் விசை மட்டும் ஆரம்பத்தில் இவரை எரிச்சலூட்டியது. அதை அழுத்தினால் எடிட்டர் ஒரு கணம் சும்மா நிற்கும். பின்னாலேயே வேறு எழுத்து வருகிறதா என்று பார்க்கும். மேரிக்கு அந்தக் கணம் பொறுக்கவில்லை. எங்கேயோ ஒரு வரியைத் தேடிப் பிடித்து அதைக் குறைத்தார். "வர்றதுன்னா ஒண்ணா வரணும். இல்லாட்டிக் கதவச் சாத்திருவேன்" என்று எபனேசரிடம் அப்போது சொன்னாராம். சொன்னவர் மறந்துவிட்டார்.

போன ஜூனில், பள்ளிகள் திறந்து சாரல் அடித்துக்கொண்டிருந்த வாரத்தில், பெரியகுளம் பள்ளி ஒன்று ஒரு பாதையின் பேருந்தை மாற்றியது. இனி பதினான்காம் எண் வரும் என்றார்கள். மேரி திருத்தினார். மறுநாள் காலை அந்தப் பாதைப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்றாம் எண் பேருந்தின் இருப்பிடம் போனது. இன்னும் நேரமிருக்கிறது என்று வீட்டுக்குள் இருந்துவிட்டார்கள். பதினான்கு வந்து, நிறுத்தத்தில் யாரும் இல்லாததால் கிளம்பிவிட்டது. மாங்காய் லாரிகள் போகும் சாலையில், அதற்குப் பிறகு வெளியே வந்த பிள்ளைகள் சாரலில் நனைந்துகொண்டு வராத பேருந்துக்காக நின்றார்கள். கோப்பைத் திறந்து பார்த்தபோது பதினான்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது.

விஜய்பாண்டி சத்தம் போடவில்லை. மேரியின் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பரவால்லக்கா. கை தவறிருக்கும்."

"நா பதினாலுதான் அடிச்சேன் தம்பி."

"அடிச்சிருப்பீக. நா இல்லங்கல. ஒத்தக் கைய வச்சுக்கிட்டு எம்புட்டுதான் பாப்பீக?"

"பதினாலு அடிச்சேன் சார். சேமிச்சேன் சார்."

பாண்டீஸ்வரி தலையைத் தாழ்த்திக்கொண்டார். விஜய்பாண்டி அதையும் கவனிக்கவில்லை. நாளையிலிருந்து மேரி போன் எடுக்கும் இடத்தில் உட்காரட்டும், பாண்டீஸ்வரி கொஞ்சம் கொஞ்சமாகக் கோப்பு வேலையைக் கற்றுக்கொள்ளட்டும் என்றார். சம்பளம் அதேதான், சிரமம் குறையும் என்றார். காதில் மாட்டும் போன் ஒன்றை, புதியது, உறை பிரிக்காதது, மேரியின் மேசைமேல் வைத்தார். பள்ளிக்கு மின்னஞ்சல் ஏற்கெனவே போய்விட்டது: 'எங்கள் ஊழியரின் கை தவறியதால் நேர்ந்த பிழை. வருந்துகிறோம்.' பள்ளியில் மேரியைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 'புரிந்துகொள்கிறோம்' என்று பதில் வந்திருந்தது.

எபனேசர் போன வருடம் ஒரு பள்ளியின் மொத்தப் பட்டியலையும் அழித்தார். அன்று மூன்று பேர் அவர் மேசையைச் சுற்றி நின்று, எதைச் செய்தாய், எது முதலில், எது பிறகு என்று சாயங்காலம்வரை கேட்டார்கள். அவர் விரல்களை யாரும் பார்க்கவில்லை. மேரியை யாரும் எதுவும் கேட்கவில்லை. கையைப் பார்த்தார்கள். பார்த்ததும் விசாரணை முடிந்துவிட்டது. புரிந்துகொள்கிறோம் என்று எழுதிய பள்ளிக்காரர்களுக்கு என்ன புரிந்தது?

"யக்கா, எனக்கு வேணாங்க்கா ஒங்க சீட்டு" என்றார் பாண்டீஸ்வரி.

"ஒனக்கு யாரு குடுத்தா? நா இன்னும் எந்திரிக்கவே இல்ல."

மேரியின் வீட்டு வயல் ஒரு வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. தண்ணீர் வராவிட்டால் அவர் அப்பா சூசைமுத்து மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடப்பார். ஒவ்வொரு மடையாகப் பார்ப்பார். எந்த மடையில் தண்ணீர் திரும்பியிருக்கிறதோ அந்த வயல்காரரின் வீட்டு வாசலில் போய் நிற்பார். அந்தப் பக்கத்தில் இது ஒவ்வொரு போகத்திலும் நடக்கிறது. பாதிச் சண்டைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

மேரி அப்படித்தான் கிளம்பினார். "ஒவ்வொரு மடையாப் பாக்குறேன். நடுவுல எவனோ குடிக்கிறான்." விரல் தட்டிய விசை கீபோர்டிலிருந்து அலுவலகக் கணினிக்குப் போகிறது. அங்கிருந்து கறுப்புத் திரை. அங்கிருந்து, பாதுகாப்புக்கென்று விஜய்பாண்டி பதினைந்து நாளைக்கு முன் நடுவில் புதிதாகப் போட்ட ஒரு மெஷின். அதற்கப்புறம் தொலைவில் இருக்கும் சர்வர், அதற்குள் எடிட்டர்.

பாண்டீஸ்வரியின் கீபோர்டைப் பிடுங்கி மாட்டிப் பார்த்தார். மாற்றமில்லை. பிறகு எடிட்டரை மூடிவிட்டு, வந்து விழுவதை அப்படியே காட்டும் கட்டளையைப் போட்டு, ஆல்ட்டோடு எக்ஸை அழுத்தினார். திரையில் இரண்டு வந்து விழுந்தன. முதலில் எஸ்கேப்பின் குறி. அடுத்து எக்ஸ்.

"எபி, இங்கன வாங்க. இதப் பாருங்க."

ஆல்ட் எக்ஸ் என்று ஒரு விசை அந்தத் திரைக்குத் தெரியாது. எஸ்கேப்பையும் எக்ஸையும் அடுத்தடுத்து அனுப்பிவிடுகிறது. இரண்டும் ஒட்டி வந்தால் எடிட்டர் அதை மேரியின் குறுக்குவிசை என்று எடுத்துக்கொண்டு சேமிக்கிறது. இடைவெளி விழுந்துவிட்டால் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறது. எஸ்கேப் என்றால் அடிப்பதை நிறுத்து. எக்ஸ் என்றால் கடைசி எழுத்தை அழி.

"ஒரு வேலைக்கு ரெண்டு ஆள அனுப்பிச்சிருக்கான் எபி. சேந்து வந்தா வேலைக்காரய்ங்க. தனியா வந்தா பின்னால வர்றவன் களவாண்டுட்டுப் போறான்."

நடுவில் போட்ட மெஷின் வந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து அனுப்புகிறது என்பதையும் அங்கே பார்த்துக்கொண்டார். லைன் மெதுவானால் இடைவெளி கூடும். மேரியின் முகம் மலர்ந்தது. எழுந்து தன் நாற்காலியை எபனேசருக்குத் தள்ளினார்.

"உக்காருங்க. ரெண்டு கையும் வச்சுக்கங்க. ஒண்ணையும் ஒளிச்சு வைக்காதீக."

"என்னக்கா இது, போலீஸ் ஸ்டேசனாட்டம்?"

"பதினாலு அடிங்க. ஆல்ட் எக்ஸ் அமுக்குங்க."

எபனேசர் அடித்தார். பதினான்கு அழியாமல் நின்றது. மறுபடி அடித்தார். நின்றது. பாண்டீஸ்வரி போனைக் காதில் வைத்தபடியே வந்து பின்னால் நின்றார். பல முறை ஒழுங்காகவே நின்றது. எபனேசர் சிரிக்க ஆரம்பித்தபோது கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடியது, மேசை அதிர்ந்தது, அவர் அழுத்தினார். அந்தக் கணம் லைன் மெதுவாகியிருக்க வேண்டும். சேமித்ததாகத் திரை சொல்லவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். இப்போது சொன்னது.

"என்ன இருக்கு? படிங்க."

"ஒண்ணு இருக்குக்கா. நாலக் காணோம். சேமிக்கலயோன்னு நெனச்சு மறுக்கா அமுக்குனேன்."

"நானும் அதத்தான் செஞ்சேன்." மேரி திரும்பினார். "சார்! எபிக்குக் கை தவறிருச்சு. ரெண்டும் தவறிருச்சு. போன் சீட்டுல ரெண்டு பேருக்கும் எடம் போடுங்க."

விஜய்பாண்டி வந்தார். எபனேசரை மறுபடி அடிக்கச் சொல்லி, நான்கு மறைவதைக் கண்ணால் பார்த்தார். "நா போட்ட மெசினாலயா அப்ப?" என்றார். குரலில் இருந்த தாழ்வு போய்விட்டது. எபனேசரிடம் கேட்கிற குரலில் கேட்டார்.

"ஒங்க மெசின்தான் சார்."

அங்கேயே விட்டிருக்கலாம். எபனேசர் விடவில்லை. விட வேண்டும் என்று தெரியாமல், "அதே நடு மெசின் வழியாத்தானக்கா நானும் எஞ் சீட்டுல இருந்து போறேன்? நா அமுக்குற அம்புக்குறி விசையும் எஸ்கேப்போடதான வருது? எனக்கு ஏன் எழுத்து போகல?" என்று கேட்டார்.

மேரி அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, வலது கையைத் தூக்கித் தாள்களின் மேல் வைத்துக்கொண்டு, தன்னுடைய அமைப்புக் கோப்பைத் திறந்தார். எஸ்கேப்புக்குப் பின் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று எடிட்டருக்குச் சொல்லும் வரி அதில் இருந்தது. பத்து மில்லிநொடி என்றிருந்தது. ஒரு நொடியை நூறாக்கி அதில் ஒரு பங்கு. எபனேசர் கோப்பில் அப்படி ஒரு வரியே இல்லை. அவருடைய எடிட்டர் தாராளமாகக் காத்திருக்கிறது. எழுத்துகள் தாமதமாகத் தள்ளி வந்தாலும் சேர்த்துக்கொள்கிறது. இந்தப் பத்தை எழுதியவர் மேரி. காத்திருக்க முடியாமல் எழுதியது.

விரலைத் திரையில் அந்தப் பத்தின் மேல் வைத்தார். பிறகு மேரி சொன்னார்:

"எவ் வரப்புலயே நண்டு வளை இருந்து தண்ணி ஒழுகுது. அதப் பாக்காம மம்பட்டியத் தூக்கிட்டு மேல போயிட்டேன். கோவத்துல எல்லாரும் மேலதான் போறது."

"எங்க ஊர்ல இந்தத் தொல்லையே இல்லக்கா. தண்ணி இருந்தாத்தான மடை, நண்டு, சண்ட எல்லாம்" என்றார் எபனேசர்.

விஜய்பாண்டிக்கு நிம்மதி. நல்ல மனது திரும்பி வந்துவிட்டது. குரல் மறுபடி தாழ்ந்தது. "விடுங்கக்கா. எம் மெசினாலன்னே வச்சுக்குவோம். யாரு என்ன கேக்கப் போறாக?"

மேரி எழுந்தார். தாள்களின் மேல் கிடந்த வலது கை சரிந்து விழ, தாள்கள் பறந்தன. பாண்டீஸ்வரி குனியப் போனவர் மேரியின் முகத்தைப் பார்த்து நிமிர்ந்துகொண்டார்.

"எதுக்கு சார் வச்சுக்கணும்? பத்து நா வச்சது. தப்பு எந் தப்பு. காலையில எங் கை தலையில போட்டீக. இப்ப ஒங்க மெசின் தலையில போடுறீக. எனக்குன்னு ஒரு தப்பு செய்ய விட மாட்டீகளா? ரோட்டுல புள்ளைக நனஞ்சுச்சுக. எம் மண்ட செஞ்ச வேலையில நனஞ்சுச்சுக. அத ஏன் எங்கிட்ட கேக்க மாட்டேங்குறீக? எபிய அன்னைக்கு எப்பிடிக் கேட்டீக?"

"அக்கா, அது வந்து..."

"கேக்கணும் சார். திட்டணும். ஏன்டி பத்து வச்சன்னு கேக்கணும். ஐயோ பாவம்னு ஒரு போனக் கொண்டாந்து வைக்கிறீக."

"யக்கா," என்றார் எபனேசர், "நாங்க எந் தப்பு இல்லன்னுதான் சண்ட போடுவோம். தப்பு எனக்குத்தான் வேணும்னு ஒருத்தர் சண்ட போட்டு இப்பத்தான் பாக்குறேன்."

மேரி சிரிக்கவில்லை. பள்ளிக்கு வேறு மின்னஞ்சல் போக வேண்டும் என்றார்.

"அத எதுக்குக் கிளறணும்?" என்றார் விஜய்பாண்டி. "அவுக மறந்துருவாக."

"நம்பர் மாறுனத மறந்துருவாக. கை வெளங்காத பொம்பள செஞ்சதுன்னு மட்டும் ஞாபகம் வச்சிருப்பாக. நாளைக்கு ஒண்ணொண்ணும் அதுலதான் போய் முடியும்."

நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு விஜய்பாண்டி கீழே இறங்கிப்போனார். மேரி தரையில் உட்கார்ந்து தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். யாரும் உதவவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. காதில் மாட்டும் போன் உறை பிரிக்காமல் மேசையிலேயே இருந்தது.

மறுநாள் வழக்கமான பஸ்ஸில் வந்தார். பத்தை நூறாக மாற்றினார். எஸ்கேப்பை அழுத்திவிட்டு, எடிட்டர் நின்று பார்த்துத் திரும்பும்வரை விரலைத் தூக்கி வைத்திருந்தார். காதில் மாட்டும் போனைக் கொண்டுபோய்ப் பாண்டீஸ்வரியின் மேசையில் வைத்தார். விஜய்பாண்டி மின்னஞ்சலை எழுதி வைத்திருந்தார். 'மென்பொருள் அமைப்பில் நேர்ந்த பிழை' என்றிருந்தது. "அமைப்ப வச்சது யாரு?" என்று கேட்டார் மேரி. 'அமைப்பைத் தவறாக வைத்தவர் எங்கள் ஊழியர் வியாகுலமேரி. அவரே அதைக் கண்டுபிடித்துத் திருத்தினார்' என்று விஜய்பாண்டி சேர்த்தார். "ரெண்டாவது எதுக்கு? மெடலா?" என்று மேரி இரண்டாவது வாக்கியத்தை அழிக்கச் சொன்னார். அவர் அழித்தார். 'முந்தைய கடிதத்தில் கை தவறியதாகக் குறிப்பிட்டது உண்மையல்ல' என்பதை அவராகவே எழுதினார். மின்னஞ்சல் போனது. பள்ளியிலிருந்து பதில் வரவில்லை. மேரி நான்கு பாதைகளைத் திருத்தினார். மத்தியானம் டப்பாவை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி மூடியைத் திருகினார். மூடி துள்ளி விழுந்து, உருண்டு, விஜய்பாண்டியின் மேசைக்கு அடியில் போய் அவர் செருப்பில் முட்டி நின்றது. விஜய்பாண்டி இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கம்பியில் வைத்துக்கொண்டார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேரி எழுந்து போய், குனிந்து, மூடியை எடுத்துக்கொண்டு வந்தார்.